பாதியில் நின்ற கை

நெட் மோடத்தின் மூன்றாவது விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது. அணையட்டும், இன்றைக்கு ஆவுடையம்மாள் போனைக் கீழே வைக்கப்போவதில்லை. வைத்தால் தீர்ந்தது கதை. வைத்த கையோடு உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது என்று ஒரு செய்தி வரும், யார் வந்தார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்று கேட்க ஆள் இருக்காது, மறுபடி முதலிலிருந்து தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து என்று தொடங்க வேண்டும். காதில் இசை ஓடிக்கொண்டிருந்தது. ஷர்மிளா என்று பேர் சொன்ன பெண், லைன்லயே இருங்க மேடம், செக் பண்ணிட்டு வரேன் என்று போட்டுவிட்டுப் போனது. முழுப் பாட்டுகூட இல்லை, ஒரு துண்டு, முடியப்போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற துண்டு. ஆரம்பிக்கட்டும், எத்தனை தரம் ஆரம்பித்தாலும் நான் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஐந்து மணிக்குத் தென்காசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள், அதற்குள் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் சென்னையில் ஒரு விடுதி அறையில் மகள் குழலி கையை ஆட்டிக்கொண்டே இருப்பாள், இங்கே இலஞ்சியில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது, முன்கட்டில் இருக்கிற பெரியத்தான் தட்டை நீட்டிவிடுவார், அவர்களும் வாங்கிக்கொள்வார்கள். உங்க வாய்ஸ் நல்லா க்ளியரா கேக்குது மேடம், லைன்ல ஒரு பிரச்சினையும் இல்லை என்று அந்த ஷர்மிளா எடுத்த எடுப்பில் சொன்னாள். கேட்கிறது தாயே, எனக்கும் நன்றாகத்தான் கேட்கிறது. குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, அவளிடம் பேச எனக்கு அவளுடைய கையும் முகமும் தெரிய வேண்டும், அதுதான் இந்த வீட்டுக்கு வராமல் நின்று நின்று போகிறது. இதைச் சொன்னதும், சாரி மேடம் என்றாள். சாரியை வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது.

ஜன்னலுக்கு வெளியே சாரல், விழுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாத குற்றாலத்துச் சாரல். இந்த ஊரில் எதற்கும் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். லைன்மேன் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சாரல் முடியட்டும்மா, தானா சரியாயிரும் என்றான், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அவளும் நம்பிக்கொண்டுதான் நின்றாள். செல்போனில் படம் பார்க்கலாம் என்றால் இந்தக் கல்சுவர் வீட்டுக்குள் சிக்னல் எட்டிப்பார்ப்பதில்லை, மொட்டைமாடிக்கு ஏறினால் பேச்சு மட்டும் வரும், படம் வராது. ஆக இந்த டெலிபோன் ஒயர்தான் கதி, அதில்தான் நெட்டும் வருகிறது, குழலி முதல் சம்பளத்தில் போட்டுக்கொடுத்த நெட். எதற்கு இதெல்லாம் இப்போது. அந்தக் கை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அந்தக் கைதான் நிற்கிறது. போன மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லி, உனக்கு என்னட்டி தோணுது, சரியா வேண்டாமா என்று ஆவுடை கையாலும் வாயாலும் கேட்டாள். குழலி கொஞ்சம் யோசித்தாள். வலது கை நெஞ்சுக்கு நேரே எழும்பியது, விரல்கள் விரிந்தன, வாய் பாதி திறந்தது, படம் அப்படியே நின்றுபோனது. சரி என்று சொல்வதாக இருந்தாலும் கை அங்கிருந்துதான் கிளம்பும், வேண்டாம் என்றாலும் அங்கிருந்துதான். முன்னால் போனால் சரி, பக்கவாட்டில் வீசினால் வேண்டாம். முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த டேப்லெட் திரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் நடுக்கதவைத் திறந்துகொண்டு பெரியத்தான் வந்தார். பூதலிங்கம், செத்துப்போன அவள் புருஷனுக்கு மூத்தவர், வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய பிறகும் அந்தக் கதவை மட்டும் அடைக்கவிடாதவர். யார்ட்ட பேசிட்டிருக்க என்று கேட்டபடி வந்து திரையைப் பார்த்தார். கையத் தூக்கிட்டாளே, சரிங்காளா என்றார். இன்னும் சொல்லி முடிக்கல பெரியத்தான், படம் நின்னுபோச்சு என்றாள் ஆவுடை. நின்னா என்ன, ஆசீர்வாதம் பண்ணுத மாதிரிதான கை இருக்கு, சம்மதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனவர், அன்றைக்குச் சாயங்காலமே தென்காசிக்குத் தகவல் சொல்லிவிட்டார். நின்றுபோன ஒரு படத்தை வைத்துக் கல்யாணம் பேசி முடித்த மனுஷர் உலகத்தில் வேறு யாராவது உண்டா.

உண்டு இல்லை என்பதா இப்போது பேச்சு. அவர் வேறு எப்படித்தான் செய்வார், அவர் வழக்கமே அதுதானே. குழலிக்குக் குழல்வாய்மொழி என்று பேர் வைத்ததும் அவர்தான், குற்றாலத்து அம்மன் பேர், பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரியுமுன் வைத்தது, தெரிந்த பிறகு ஊரில் நாலு பேர் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று ஆவுடைக்கு ஆத்திரம் வரும், குழலியோ அந்தப் பேரை நோட்டு முழுக்க எழுதி எழுதி அழகு பார்ப்பாள். பாளையங்கோட்டையில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் படித்தாள், லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்குக் கைப்பேச்சு சொல்லிக்கொடுத்தாள், உன் கை கொழகொழவென்று இருக்கிறது, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாள். பெரியத்தான் ஒரு சைகைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் சொன்னதாக எதையும் சொல்லுவார். தையல் படிக்கேன்னுட்டா என்று ஒரு நாள் வந்து சொன்னார், கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அவள் ராத்திரியெல்லாம் அழுதுகொண்டிருந்தபோது. தலையாட்டினாளே என்பார். ஆட்டினாள்தான். யார் எது பேசினாலும் குழலி தலையாட்டுவாள், தலையாட்டினால்தான் எதிரில் இருக்கிறவர்கள் வாயசைப்பதை நிறுத்துகிறார்கள் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அவள் இந்நேரம் நூறு கல்யாணம் செய்திருக்க வேண்டும். படித்து முடித்து, சண்டை போட்டு, சென்னைக்கு வேலைக்குப் போனாள், அங்கிருந்து ஒரு விசேஷத்துக்கு வாழ்த்து எழுதி அனுப்பினாள், அவளுடைய தமிழ் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும், அதைக் கல்யாண மண்டபத்தில் நாலு பேருக்கு நடுவே சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரிக்கவைத்தவரும் இவரேதான். அதனால்தான் அந்தப் படம் நின்றுபோன அன்றைக்கு, பதிலை எழுதியாவது அனுப்பு என்று ஆவுடை கெஞ்சியபோது அவள் மறுத்துவிட்டாள். எழுத மாட்டேன் என்று எழுதினாள், நான் சொல்லும்போது பெரியப்பா என் முகத்தைப் பார்க்க வேண்டும், நீயும் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பிடிவாதம். என் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் படம் பாதியில் நின்றுதான் போனது, இன்றைக்குத் தாம்பூலத்துக்கு முன் திரையில் வந்து சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவள் சரி என்றே சொல்லட்டும், சொன்னால் நானே கோலம் போட்டு மாலை வாங்கி வைப்பேன். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரியும் இருக்கிறது, தெரிந்த மாதிரி இருப்பதை நம்பக்கூடாது, அப்படி நம்பித்தானே அவரும் கெடுத்தார். அவள் வாயால், இல்லை, அவள் கையால் வரட்டும். வராமல் யாரும் இந்த வீட்டில் தட்டு மாற்ற முடியாது. மாற்றினால் தட்டைத் தட்டிவிடுவேன், பழமும் பாக்கும் முற்றமெல்லாம் உருளட்டும். உருட்டுவேனா. அத்தனை பேருக்கு முன்னால் ஒரு தாலியறுத்தவள் நல்ல காரியத்தைக் கெடுத்தாள் என்று ஆகாதா. ஆகட்டும், ஆனால் ஆகட்டும்.

இசை பட்டென்று நின்றது. ஷர்மிளா வந்தாள், காத்திருந்ததற்கு நன்றி என்றாள், மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்றாள். இதைச் சொல்லத்தான் இத்தனை நேரமா, அதைக் காலையிலிருந்து கை வலிக்கிற மட்டும் செய்துவிட்டேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஆவுடை எட்டி சுவிட்சை அணைத்தாள், போட்டாள். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது கண்ணைச் சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. எதிர்முனையில் அந்தப் பெண்ணும் காத்திருந்தாள், பாவம், அவளும் எங்கேயோ வரிசையாக உட்கார்ந்திருக்கிற நூறு பேரில் ஒருத்தி, மேலே நிற்கிறவன் சீக்கிரம் முடி என்று சொல்லிக்கொண்டிருப்பான், ஆனாலும் விட்டுவிட்டுப் போகவில்லை. விளக்கு நின்று எரிந்தது. நாலாவதும் எரிந்தது. வந்துட்டு, வந்துட்டு என்று ஆவுடை வாய்விட்டுச் சிரித்தாள், அவளுக்கு எப்போதும் அப்படித்தான், குழலியின் முகம் திரையில் வந்தால் தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்துவிடுவாள், அவளுக்கா கேட்கப்போகிறது என்கிற நினைப்பே இருக்காது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காதில் ஒரு சின்னக் கிளிக். ஷர்மிளாவின் குரல் கிணற்றுக்குள் போன மாதிரி மெலிந்தது. விளக்கு அணைந்தது. மேடம், உங்க வாய்ஸ் திடீர்னு கம்மியாயிடுச்சு, வீட்டுல வேற போன் ஏதாவது இருக்கா, யாராவது எடுத்தாங்களா என்றாள். ஆவுடை ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். ரிசீவருக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு பொடி உறிஞ்சுகிற சத்தம், நுணுக்கமாக, இரண்டு மூக்கிலும் மாறி மாறி. அந்தச் சத்தத்தை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம், முன்கட்டுக் கூடத்தில், அதே ஒயரில் ஒட்டுப்போட்டு இழுத்த இன்னொரு டெலிபோன் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரே குடும்பத்துக்கு ரெண்டு நம்பரா என்று பாகம் பிரிக்கும்போது அவர்தான் சொன்னார், மணி அடித்தால் இரண்டு இடத்திலும் அடிக்கும், யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்கள் பேசுவார்கள். அந்தப் பக்கத்து போனை யார் தூக்கினாலும் நெட் போயிடும் மேடம், உங்க போனுக்கு இருக்கிற மாதிரி அதுக்கும் ஒரு சின்னப் பெட்டி மாட்டணும், மாட்டலைனா இப்படித்தான் என்று ஷர்மிளா கிணற்றுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆக சாரல் இல்லை. கம்பம் இல்லை. இத்தனை மாதமாகப் படம் வந்து, ஆவுடை சிரித்து, அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி, இவள் யாரிடம் பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று அவர் போனைத் தூக்கிக் கேட்டிருக்கிறார். கேட்க அங்கே என்ன இருக்கிறது, இரண்டு பேர் கையால் பேசிக்கொள்வதில் காதுக்கு ஒரு பருக்கை கிடைக்குமா. ஒன்றும் கேட்காமல் வைத்திருக்கிறார். அவர் தூக்கும்போதெல்லாம் இங்கே குழலி நின்றுபோயிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் முதலில் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்றதும்தான் நேரில் வந்திருக்கிறார், யார்ட்ட பேசிட்டிருக்க என்று. பிள்ளையின் கையைப் பாதியில் நிறுத்தியவரே வந்து நின்று, கையைத் தூக்கிவிட்டாள், சம்மதம் என்றிருக்கிறார். ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பைவிடக் கோபம் கூட வந்தது, பயம் மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெரியத்தான், நீங்கதான என்று கேட்டாள். மூச்சு நின்றது. வச்சிராதீங்க, எடுத்தது எடுத்தாச்சு, இதையும் கேட்டுட்டு வைங்க என்றாள். "நீங்க போனத் தூக்குததுனாலதான் அவ படம் நிக்குது. அன்னைக்கு அவ கை பாதியில நின்னது உங்களாலதான். அவ சரின்னு சொல்லல. ஒண்ணுமே சொல்லல. சொல்ல விட்டாத்தான." எதிர்முனையில் தொண்டையைச் செருமினார். "நான் எங்க போன எடுத்தேன், நான் எடுக்கவே இல்லயே" என்றார். ஷர்மிளா மெதுவாக, ரொம்ப மரியாதையாக, சார், நீங்க எடுத்தாதான் சார் உங்க வாய்ஸ் எங்களுக்குக் கேக்கும் என்றாள். கிளிக் என்று வைக்கிற சத்தம்.

அந்த ஒயரை எப்படிப் பிடுங்குவது என்று ஆவுடை கேட்டாள். அதை நாங்க சொல்லக் கூடாது மேடம், லைன்மேன்தான் தொடணும், நான் புகார்ல எழுதிடறேன், ரெண்டு நாள்ல வருவாங்க என்றாள் ஷர்மிளா. ரெண்டு நாளில் கல்யாணத்துக்கு இலையே போட்டுவிடுவார்கள். ஆவுடை அதைத்தான் சொன்னாள், ஐந்து மணிக்கு வருகிறவர்களைச் சொன்னாள், சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று சொல்லி முடித்தாள். எதிர்முனையில் மற்றவர்கள் பேசுகிற இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே அந்தப் பெண் தணிந்த குரலில், சுவத்துல ஒயர் சேருற பெட்டியைத் திறந்தா எது அந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தாலே தெரியும் மேடம், ஆனா நான் சொல்லல என்றாள். ஜன்னல் ஓரத்துச் சுவரில் இருந்த பெட்டியின் மூடியை ஆவுடை தேங்காய் கீறுகிற கத்தியால் நெம்பினாள். உள்ளே சிலந்திக்கூடு, ஒரு செத்த பல்லி, இவள் பக்கம் வருகிற ஒயர், சுவரைத் துளைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போகிற ஒயர்.  முன்கட்டு ஒயரைத்தான் பிடித்தாள். முறுக்கியிருந்த இரண்டு கம்பிகளையும் பிரித்து இழுத்ததும் அவை சும்மா கையோடு வந்தன, இத்தனை வருஷம் தாங்கிக்கொண்டதற்கு இவ்வளவுதானா என்று இருந்தது. திரும்பி வந்து ரிசீவரை எடுத்தபோது மூன்றாவது விளக்கு சிமிட்டத் தொடங்கியிருந்தது. எரியுதா மேடம் என்று ஷர்மிளா கேட்டாள். எரியுதுட்டி, நீ நல்லா இருப்ப என்றாள் ஆவுடை, அந்தக் கம்பெனிக்காரர்கள் இந்தப் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருந்தாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று அதை இரண்டாம் தரமும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

நடுக்கதவு திறந்தது. பெரியத்தான் வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்காக எடுத்துவைத்திருந்த சந்தனக் கலர் சட்டையில் நின்றார். அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். ஒயரப் பிடுங்கிட்டியா என்றார். பிடுங்கிட்டேன் என்றாள். அவர் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது டேப்லெட் வெளிச்சம் போட்டது, குழலி வந்துவிட்டாள், தலையைக்கூடப் பின்னாமல், நைட்டி மேல் துண்டு போட்டபடி, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. கட்டம் இல்லை, சிதறல் இல்லை, மூக்குத்தி வரை தெரிந்தது. ஆவுடை அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள், அழுதுகொண்டே கையைக் காட்டினாள், பெரியப்பா இங்கேதான் நிற்கிறார், சொல்லு. குழலி அவரைப் பார்த்தாள். சொன்னாள், ஒன்றல்ல, நிறையச் சொன்னாள், தோளும் புருவமும் உதடும் எல்லாம் சேர்ந்து பேசின. என்ன சொல்லுதா என்று பெரியத்தான் ஆவுடையைப் பார்த்துக் கேட்டார். அவளுக்கு ஒரு நொடிதான் ஆகும், சொல்லிவிடலாம், இத்தனை நாளும் அப்படித்தான், அவர் கேட்பார், இவள் சொல்லுவாள், இவள் சொன்னதை அவர் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி ஊருக்குச் சொல்லுவார். "அவ மொகத்தப் பாத்துக் கேளுங்க" என்றாள். அவர் திரும்பினார். குழலி அவருக்காக மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை மெல்ல, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இரண்டு கையாலும் எதையோ பக்கவாட்டில் தள்ளி, மறுபடியும் தள்ளி. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

தென்காசிக்காரர்கள் கிளம்பிவிடுவார்களே என்று முணுமுணுத்துக்கொண்டு முன்கட்டுக்குத் திரும்பினார், இரண்டு எட்டு வைத்தார், அங்கே போன் இனி பேசாது என்பது அப்போதுதான் உறைத்தது, மாடிக்கு ஏற அவர் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. உன் போனக் கொஞ்சம் குடு என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆவுடை ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், விலகிப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள். திரையிலிருந்து குழலி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயசைவில் பாதி பிடித்துவிடுவாள் அவள். தென்காசி எண்ணை அழுத்தினார். நான் இலஞ்சி பூதலிங்கம் பேசுதேன் என்றார், சௌகரியம் விசாரித்தார், பிள்ளைக்கு உடம்புக்குக் கொஞ்சம் என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு நிமிர்ந்தார். ஒருத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையைத் துடைத்தார். "இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளை வேண்டாங்கா." அந்தப் பக்கம் ஏதோ பெரிதாகக் கேட்டார்கள், அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும், யார் சொன்னது என்று கேட்டிருப்பார்கள். பூதலிங்கம் திரையின் பக்கம் திரும்பினார்.

"அவதான் சொன்னா" என்றார். "நான் பாத்தேன்."